குழலுக்கு ஏற்ற ரவை

கல்வராயன் மலையடியிலோ கொல்லிமலைப் பக்கத்திலோ போலீசார் நாட்டுத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்தால், செய்தியின் கடைசி வரியில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் இடம்பெறும்: கரிமருந்து, பால்ரஸ் குண்டு. சைக்கிள் அச்சிலும் லாரி பேரிங்கிலும் உருள்கிற எஃகு மணிதான் பால்ரஸ். சங்ககிரி, நாமக்கல், சேலம் என்று லாரிப் பட்டறைகள் வரிசைகட்டி நிற்கும் இந்தச் சமவெளியில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஈயத்தை உருக்கி ரவை வார்ப்பதைவிட, ஒரு கைப்பிடி பால்ரஸை அள்ளிக் குழலுக்குள் போடுவது சுலபம். இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் இன்னும் நன்றாகப் பரவும் என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது.

உரிமமில்லாத துப்பாக்கிக்காரர்கள் மட்டும் இப்படி நம்பவில்லை. முறையாக உரிமம் எடுத்து, ஆண்டுதோறும் தோட்டாக் கணக்கை ஒழுங்காக எழுதி, தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிற தோட்டத்துக்காரர்களும், “இருக்கறதுலயே கனமான லோடாப் பாத்துக் குடுங்க” என்றுதான் கடையில் கேட்பார்கள். ஈயம் கூடினால் பலம் கூடும் என்பது கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் குழலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் அந்த நியாயம் பாதிக்கு மேல் கரைந்துபோகும். ஒவ்வொரு குழலுக்கும் இயல்பாகத் தாங்குகிற ரவையின் எடை என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போடும் ஒவ்வொரு கிராமும் முந்தைய கிராமைவிடக் குறைவாகவே உழைக்கும்.

12 என்பது எந்தக் கணக்கு?

ரைபிளிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே குண்டுதான் கிளம்பும். ஷாட்கன் அப்படியல்ல. வழவழப்பான குழல், அதிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் ஒரு மேகமாகக் கிளம்பும். குறி பார்க்கும் திறமை ஒருபுறம் இருக்கட்டும். அந்த மேகம் சீராக இருக்கிறதா, நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதுதான் இங்கே பாதி வெற்றி. துப்பாக்கிக்காரர்கள் இதைப் பேட்டர்ன் என்பார்கள். நாம் பரவல் என்று சொல்லிக்கொள்வோம்.

12 போர், 16 போர், 20 போர் என்ற எண்கள் ஈயத்தை வைத்துப் போட்ட பழைய கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமாக 12 உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் 37.8 கிராம் இருக்கும், விட்டம் 18.5 மில்லிமீட்டர். அந்த உருண்டை இறுக்கமாக நுழையும் குழல்தான் 12 போர். பவுண்டை 20 உருண்டைகளாக்கினால் விட்டம் 15.6 மில்லிமீட்டர். அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கிறது. .410 மட்டும் இந்த வரிசையில் சேராது. அது அங்குலக் கணக்கு, 10.4 மில்லிமீட்டர். .410 என்றதும் பழைய போலீஸ்காரர்களுக்கு மஸ்கெட் ஞாபகம் வரும், அதன் தோட்டா .303 தோட்டாவின் கூட்டிலிருந்து உருவானது, ரவைத் தோட்டாவிலிருந்து வேறானது.

இப்போது தோட்டாவுக்குள் போவோம். அடியில் மருந்து, அதன்மேல் அடைப்பு, அதற்கும் மேல் ரவை. அந்த ரவை ஒரு சிறு தூண் போல நிற்கிறது. 32 கிராம் ஈய ரவையை 12 போர் குழலுக்குள் கொட்டினால் தூணின் உயரம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் வரும். குழலின் அகலமும் கிட்டத்தட்ட அதேதான். உயரமும் அகலமும் சமமாக அமையும் இந்த நிலையைத்தான் பழைய துப்பாக்கிக் கலைஞர்கள் சதுர லோடு என்று சொல்லிப் பெருமைப்பட்டார்கள். 20 போரில் 24 கிராம் போட்டால் உயரம் 19 மில்லிமீட்டரை நெருங்கிவிடும், அகலமோ 15.6தான். அதே 20 போரில் 28 கிராமை அடைத்தால் 22 மில்லிமீட்டர். .410-ல் 19 கிராமை அடைத்தால் தூண் 34 மில்லிமீட்டருக்கு எழும்பிவிடும், அகலத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

இது வெறும் அழகுக் கணக்குதானே என்று கேட்கலாம். 28 போர் தோட்டாவில் வழக்கமாகப் போடும் 21 கிராமும் சதுரத்துக்குள் அடங்குவதில்லை, உயரம் 20 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, குழலோ 14தான். ஆனாலும் 28 போர் நன்றாகவே சுடும் என்று அனுபவசாலிகள் பாராட்டுகிறார்கள். ஆக, சதுரம் என்பது மீறவே கூடாத விதி கிடையாது. ஆனால் தூண் உயர உயர இரண்டு கெடுதல்கள் உறுதியாக நடக்கின்றன. அந்த இரண்டையும் புரிந்துகொண்டால் விதி தேவைப்படாது.

ஏழு கிலோ பாரம்

விசையை இழுத்ததும் ரவைத் தூண் நின்ற இடத்திலிருந்து நொடிக்கு 400 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. அதற்குக் கிடைக்கும் தூரம் எழுபது சென்டிமீட்டர் குழல் மட்டுமே. பள்ளியில் படித்த சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால், சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல 11,000 மடங்குக்கு மேல் வருகிறது. இது சராசரிதான், மருந்து எரியத் தொடங்கிய கணத்தில் உச்சம் இதைவிடப் பல மடங்கு.

இனி தூணின் அடியில் கிடக்கும் ஒரு ரவையைப் பாருங்கள். விட்டம் 2.4 மில்லிமீட்டர், எடை 0.08 கிராம். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. அதன்மேல் எட்டு அடுக்கு ரவைகள். சாதாரணமாக அந்தப் பாரம் ஒரு கிராம்கூட இல்லை. ஆனால் 11,000 மடங்கு முடுக்கத்தில் அந்த ஒரு ரவை ஏழு கிலோவுக்கு மேல் தாங்கியாக வேண்டும். ஈயம் நகத்தால் கீறினாலே தடம் விழும் உலோகம். அது எப்படி உருண்டையாகவே இருக்கும்? சுட்ட பிறகு மண்ணிலிருந்தோ பஞ்சுப் பொதியிலிருந்தோ ரவையைப் பொறுக்கிப் பார்த்தால், பக்கத்து ரவை அழுந்திய இடத்தில் சிறு சிறு தட்டை முகங்கள் தெரியும். சில ரவைகள் பாதி நசுங்கிய மிளகு போல இருக்கும். அடி அடுக்கில் இருந்தவைதான் அதிகம் நசுங்கியிருக்கும். .410-ன் 34 மில்லிமீட்டர் தூணில் அடுக்குகள் இரட்டிப்பு. அங்கே அடி ரவையின் தலையில் ஏறும் பாரமும் இரட்டிப்பு.

நசுங்கிய ரவைக்குக் காற்றில் இரண்டு தண்டனைகள். உருண்டையைவிடக் காற்று அதை அதிகம் பிடித்து இழுக்கும், அதனால் பின்தங்கும். தட்டை முகம் ஒரு பக்கம் இருப்பதால் பக்கவாட்டில் விலகியும் போகும். மேகத்தின் ஓரத்தில் தனித்தனியாகச் சிதறிப் போகும் ரவைகளில் பெரும்பாலானவை இப்படி உருக்குலைந்தவைதான்.

இரண்டாவது கெடுதல் குழலின் சுவர். விளிம்போரம் நிற்கும் ரவைகள் எஃகுச் சுவரில் உரசிக்கொண்டே போகும். உரசிய பக்கம் சீவினாற்போல ஆகிவிடும். 12 போரின் வட்டத்தில் சுவரை ஒட்டிய ஒரு ரவை அகலமுள்ள வளையம் மொத்தப் பரப்பில் 45 சதவீதம். 20 போரில் அது 52 சதவீதம். .410-ல் 71 சதவீதம்! ஒரே எடை ரவையை இரண்டு குழல்களில் போட்டால், சிறிய குழலில் சுவரைத் தொடும் ரவைகள் எவ்வளவு கூடும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1960-களில் பிளாஸ்டிக் கிண்ணம் வந்தது. அடைப்பும் கிண்ணமுமாக ஒரே வார்ப்பு. ரவைகள் அதற்குள் உட்கார்ந்தபடியே குழலைக் கடந்து, வெளியே வந்ததும் கிண்ணத்தின் இதழ்கள் விரிந்து விலகிக்கொள்ளும். சுவர் உரசல் பெருமளவு தீர்ந்தது. ஈயத்தோடு ஆன்டிமனியைக் கலந்து கடினப்படுத்தியதில் நசுங்கலும் குறைந்தது. ஆனால் பாரத்தின் கணக்கு மாறவில்லை. எட்டு அடுக்கு எட்டு அடுக்குதான்.

தெரிந்த ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். 12 போரில் 24 கிராமுக்குப் பதில் 36 கிராம் போட்டால் இலக்கில் விழும் ரவைகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும், குறையாது. ஆனால் ஈயத்தை ஒன்றரை மடங்காக்கியதற்கு ஒன்றரை மடங்கு பலன் கிடைப்பதில்லை. கூடுதல் ரவைகளில் ஒரு பங்கு ஓரங்களிலும் பின்னாலும் சிதறிவிடுகிறது. துப்பாக்கியின் உதையோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, ஏனென்றால் வேகம் மாறாதிருந்தால் உதையின் ஆற்றல் எடையின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். பர்மிங்ஹாமின் துப்பாக்கிக் கலைஞர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் இதற்கு ஒரு கைக்கணக்கு வைத்திருந்தார். துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப் போல 96 மடங்காவது இருக்க வேண்டும் என்பது அது. 32 கிராம் ரவைக்கு 3.1 கிலோ துப்பாக்கி. 36 கிராமுக்கு கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ. இலேசான பழைய இரட்டைக் குழலில் கனமான லோடு போட்டுத் தோள் நீலம் பாரித்தவர்களுக்கு இந்த 96 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உதைக்கு அஞ்சுகிற தோள் இழுக்கும்போதே சிலிர்க்கும். சிலிர்த்தால் குறி போயிற்று. பரவல் எவ்வளவு சீராக இருந்து என்ன பயன்?

தாளில் தெரியாத நீளம்

தாளில் பார்க்கும்போது பரவல் ஒரு வட்டம். காற்றில் அது வட்டம் அல்ல; முன்ரவைகள் போய்ச் சேர்ந்த பிறகு பின்ரவைகள் வரும் நீளமான கூட்டம். 35 மீட்டர் தூரத்தில் அந்தக் கூட்டம் இரண்டு மூன்று மீட்டர் நீண்டுவிடும். அசையாத தாளுக்கு இது தெரியாது, எல்லா ரவையும் ஒரே இடத்தில் ஓட்டை போட்டுவிடும். பறக்கும் இலக்குக்குத் தெரியும்.

இதைக் கண்ணால் காட்டியவர் அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த பத்திரிகையாளர் பாப் பிரிஸ்டர். ஒரு நீளமான டிரெய்லரின் பக்கவாட்டில் முழுக்கத் தாள் ஒட்டி, காரின் பின்னால் கட்டி, மனைவியை ஓட்டச் சொன்னார். கார் குறுக்கே வேகமாகப் போகும்போது அந்தத் தாளின் மேல் சுட்டார். வட்டமாக விழ வேண்டிய பரவல் பக்கவாட்டில் நீண்டு கிடந்தது. மலிவான மென்மையான ஈய ரவைகள் அதிகமாக வால் விட்டன; கடினமான ரவைகள் நெருக்கமாக வந்து சேர்ந்தன. தூண் உயரமான சிறிய குழல்களில் வால் இன்னும் மோசம். மனைவி வண்டியை ஓட்ட, அதன் பின்னால் ஓடும் தாளைக் கணவர் சுடும் இந்தச் சோதனையை நடத்த எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1976-ல் வெளியான அவருடைய புத்தகத்துக்குப் பிறகு, அசையாத தாளில் மட்டும் ஓட்டை எண்ணித் தோட்டாவை மதிப்பிடுவது முழுக் கதையல்ல என்பது துப்பாக்கி உலகில் பரவலாகப் புரிந்தது.

வாலின் விளைவை மிகைப்படுத்தவும் கூடாது. 35 மீட்டரில் ரவை ஏறத்தாழப் பாதி வேகத்தை இழந்திருந்தாலும் நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் வருகிறது. இரண்டரை மீட்டர் நீளமுள்ள கூட்டம் ஒரு புள்ளியைக் கடக்க நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் இலக்கு அதற்குள் 25 சென்டிமீட்டர் நகரும். அது கவனிக்க வேண்டிய அளவு, ஆனால் பயப்பட வேண்டிய அளவல்ல.

24 கிராமில் 125

கூடுதல் ஈயம் இல்லாமலே சாதிக்கலாம் என்பதற்கு மிகத் துல்லியமான சான்று ஒலிம்பிக் டிராப் போட்டி. 110 மில்லிமீட்டர் அகலமும் சுமார் 105 கிராம் எடையும் கொண்ட தட்டுகள் குழியிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். எந்தக் கோணத்தில் கிளம்பும் என்று சுடுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். இந்தப் போட்டியில் ஒரு காலத்தில் 32 கிராம் ரவை அனுமதிக்கப்பட்டது. பிறகு 28 ஆனது. 1990-களிலிருந்து 24 கிராம்தான் உச்ச வரம்பு. துப்பாக்கி அதே 12 போர். தூண் மட்டும் 13 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. அகலத்தைவிட உயரம் குறைந்த தூண், அடி ரவைக்குப் பாரம் குறைவு, தோளுக்கு உதை குறைவு. புள்ளிகள் விழுந்தனவா? டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் டிராப் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியாவின் சுசானா ரெஹாக் ஸ்டெஃபெசெகோவா 125-க்கு 125 சுட்டு, தங்கமும் வென்றார்.

நம் பக்கமும் பேச ஆள் இருக்கிறார். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் இதே 24 கிராமை வைத்துத்தான் சுடுகிறார். 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அவரும் கைனான் செனாயும் ஜோராவர் சிங் சந்துவும் சேர்ந்து 375-க்கு 361 தட்டுகளை உடைத்து அணித் தங்கம் வென்றார்கள். அதில் தொண்டைமானின் பங்கு 119. அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் களமிறங்கினார்.

24 கிராமில் 2.4 மில்லிமீட்டர் ரவை சுமார் 300 இருக்கும். குழல் முனையில் உள்ள சோக்கு என்னும் இறுக்கம் நன்றாக வேலை செய்து, 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் 70 சதவீதம் விழுந்தால் 210 ரவைகள். சமமாகப் பங்கு போட்டால் 22 சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று. தட்டு முகம் காட்டி நின்றால் அதன் பரப்பு 95 சதுர சென்டிமீட்டர்; சராசரியாக நாலு ரவை படும். பக்கவாட்டில் விளிம்பு காட்டினால் ஒன்றுதான் மிஞ்சும். ரவை இவ்வளவு சிக்கனமாக இருக்கும்போது, ஒவ்வொரு ரவையும் நேராகப் போக வேண்டியது கட்டாயமாகிவிடுகிறது. அதனால்தான் போட்டித் தோட்டாக்களில் ரவையின் தரத்துக்கு அவ்வளவு கவனம்.

ஈயம் குறைவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. விழுந்த ரவை மண்ணிலேயே கிடக்கும். கற்கள் என்று நினைத்து அதை விழுங்கும் பறவைகள் ஈய நஞ்சால் சாகும். இதனால்தான் அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் நீர்நிலைப் பகுதிகளில் தடை போட்டது. நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று கவுதாரி வேட்டை, கொக்கு வேட்டை எல்லாம் குற்றம். ஆனால் பயிற்சித் தளங்களில் விழும் ஈயம் இருக்கிறது. 36 கிராமுக்குப் பதில் 24 கிராம் சுட்டால் மண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

பால்ரஸின் கணக்கு

இனி அந்த எஃகு மணிக்குத் திரும்பலாம். கால் அங்குல பால்ரஸ் ஒன்றின் எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். 28 கிராம் போட்டால் மொத்தமே 27 மணிகள். அதே எடைக்கு 2.6 மில்லிமீட்டர் ஈய ரவை சுமார் 270 வரும். 27 மணிகளில் 70 சதவீதம் வட்டத்துக்குள் விழுந்தாலும் 240 சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றுதான். நாட்டுத் துப்பாக்கியில் அந்த 70-க்கே வாய்ப்பில்லை. இடைவெளி வழியாக ஒரு கவுதாரி முழுசாகத் தப்பித்துப் போகும். குறிபார்த்த விலங்கு காயத்தோடு ஓடிப் போய் எங்கோ புதரில் நாள்கணக்கில் துடித்துச் சாகும். பரவல் பற்றிப் பேசும்போது இந்தத் துடிப்பை மறந்துவிடக் கூடாது.

எஃகின் அடர்த்தி 7.8, ஈயத்தின் அடர்த்தி 11.3. அதனால் ஒரே எடைக்கு எஃகுத் தூண் ஒன்றரை மடங்கு உயரம் வரும். எஃகு நசுங்காது என்பது உண்மை. ஆனால் பேரிங் எஃகு குழலின் எஃகைவிடக் கடினம். தகடு சுருட்டிப் பற்றவைத்த நாட்டுக் குழல் அதைத் தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கல்லில் பட்டால் எஃகு மணி திரும்பிப் பாயும். ஈயம் நசுங்கி அங்கேயே நிற்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எஃகு ரவைத் தோட்டா விற்பனையில் இருக்கிறதே என்று கேட்டால், அங்கே போடுவது அதற்கென்றே தயாரித்த மென்மையான எஃகு, அதற்கென்று தடிமனான கிண்ணம், அதற்கென்று சோதித்த குழல்.

காட்டுப் பன்றி விஷயத்தில் இந்தக் கணக்கு வேறு திசையில் ஓடுகிறது. கொல்லிமலை அடிவாரத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் கடலையும் போட்டவர்கள் பன்றிக் கூட்டத்தால் ஒரே இரவில் படும் நட்டம் சிறிதல்ல. அந்த ஆத்திரத்தில்தான் நாட்டுத் துப்பாக்கி வீட்டுக்குள் நுழைகிறது. 1959-ன் ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கு முன்வழியாக நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் உரிமம் இருப்பதாலேயே பன்றியைச் சுடும் அதிகாரம் வந்துவிடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் வனத்துறையினரே சுடலாம். விவசாயி சுடுவதற்கு இடமில்லை.

பன்றிக்கென்று வரும் பழைய எஸ்.ஜி., எல்.ஜி. தோட்டாக்களில் குழலுக்கும் ரவைக்கும் உள்ள உறவு வடிவியலாகவே தெரியும். எஸ்.ஜி. ரவை 8.4 மில்லிமீட்டர். அத்தகைய மூன்று உருண்டைகளை ஒட்டி வைத்தால் அவற்றைச் சுற்றும் வட்டம் 18.1 மில்லிமீட்டர், 12 போர் குழலுக்குள் கச்சிதமாக உட்காரும். அடுக்குக்கு மூன்றாக மூன்று அடுக்கு, மொத்தம் ஒன்பது. எல்.ஜி. 9.1 மில்லிமீட்டர். மூன்றை ஒட்டினால் 19.6 ஆகிவிடும், நுழையாது. எனவே அடுக்குக்கு இரண்டு, மொத்தம் ஆறு. ரவையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. எண்ணிக்கையோ ஒன்பதிலிருந்து ஆறாகச் சரிந்துவிடுகிறது. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் பரவல் என்பதற்கே பொருள் குறைவு.

தாளிடம் கேளுங்கள்

உரிமம் உள்ளவர்களுக்கு, அதுவும் அனுமதி பெற்ற சுடுதளத்துக்குப் போகக்கூடியவர்களுக்கு, சோதனை எளிது. ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள தாளை 40 கஜத்தில், அதாவது 36.6 மீட்டரில் நிறுத்துங்கள். நடுவில் ஒரு புள்ளி. சுட்ட பிறகு ரவை அடர்ந்த இடத்தை மையமாக வைத்து 76 சென்டிமீட்டர் வட்டம் போடுங்கள். உள்ளே விழுந்த ஓட்டைகளை எண்ணி, தோட்டாவில் இருந்த மொத்த ரவையால் வகுங்கள். முழுச் சோக்கு என்றால் சுமார் 70 சதவீதம், பாதி இறுக்கத்துக்கு 60, சோக்கே இல்லாத குழலுக்கு 40 என்பது பழைய அளவுகோல். மொத்த ரவையை அறிய ஒரு தோட்டாவைப் பிரித்து எண்ணலாம் என்று சிலருக்குத் தோன்றும். அதைத் தோட்டா விற்பவரிடமோ தளப் பயிற்சியாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. மருந்தும் பிரைமரும் கொண்ட பொருளை வீட்டில் பிரிப்பது விளையாட்டல்ல. புனேயை ஒட்டிய கட்கி தோட்டாத் தொழிற்சாலையிலிருந்து வரும் 12 போர் தோட்டாக்களின் பெட்டியில் ரவையின் எண் அச்சிட்டிருக்கும். 2.6 மில்லிமீட்டரான 6-ம் எண்ணுக்கு ஒரு அவுன்சில் 270 ரவைகள்.

சதவீதத்தோடு நிறுத்திவிட வேண்டாம். 11 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு அட்டை வட்டம் வெட்டி, வட்டத்துக்குள் அங்கங்கே நகர்த்திப் பாருங்கள். ஒரு ஓட்டைகூட இல்லாமல் அந்த அட்டை உட்காரும் இடங்கள் எத்தனை? 20 போரில் 28 கிராம் போட்டவருக்கு அந்த இடங்கள் மையத்திலேயே கிடைக்கலாம். அதே குழலில் 24 கிராம், 21 கிராம் என்று இறங்கிச் சுடும்போது, ரவை குறைந்திருந்தும் இடைவெளிகள் குறைந்திருப்பதைச் சில குழல்கள் காட்டும். எல்லாக் குழலும் காட்டாது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு குழல்கள்கூட ஒரே தோட்டாவை வேறு வேறு விதமாக நடத்தும்.

அதனால் ஒரு தாளை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. ரவைகள் விழுவது தற்செயலின் விளையாட்டு. 200 ஓட்டைகள் எதிர்பார்க்கும் இடத்தில் 186-ம் வரும், 214-ம் வரும். தோட்டாவில் எந்தக் குறையும் இல்லாமலே. இரண்டு லோடுகளுக்கு இடையே பத்துப் பதினைந்து ஓட்டைதான் வித்தியாசம் என்றால் ஒரே தாளில் அது வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு லோடிலும் ஐந்து தாளாவது சுட்டுச் சராசரி எடுத்தால்தான் குழல் சொல்வது காதில் விழும். தோட்டா விலைக்கும் ஆண்டு வரம்புக்கும் இது கொஞ்சம் செலவுதான். இருந்தாலும் மூன்று லோடுகளுக்குப் பதினைந்து தாள் சுட்டுப் பார்த்துவிட்டு, அட்டை வட்டத்துக்கு இடம் கொடுக்காத லோடுகளில் எது கனம் குறைவோ அதை வாங்கச் சொல்வேன். 12 போரில் பெரும்பாலும் அது 28 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், 20 போரில் 24-ஐத் தாண்டாது.